றஸாக் சேரின் இடது கால்

றஸாக் சேரின் பாதங்களில் உணர்ச்சி குறைந்துகொண்டு வந்தது அவருக்கே தெரியாமல்தான் நடந்தது. முதலில் எந்நேரமும் தடித்த காலுறை ஒன்றைப் போட்டிருப்பது போல ஒரு மதமதப்பு. பிறகு பள்ளிவாசல் தரையின் குளிர் தெரியாமல் போனது. ஒரு நாள் சந்தையிலிருந்து வரும் வழியில் இடது கால் செருப்பு கழன்று எங்கேயோ விழுந்துவிட, ஒற்றைச் செருப்போடு வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டார். வாசலில் நின்ற மனைவி ஸாலிஹா அதைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

கிளினிக்கில் டொக்டர் சிரிக்கவில்லை. சீனி வருத்தம் நரம்பைத் தின்றுகொண்டு போகிறது, இனி வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ஒவ்வொரு நாளும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஒரு நாளைக்கு அஞ்சு வேளை கால் கழுவுறவன் நான், டொக்டர்."

"கழுவுறது வேற சேர், பாக்கிறது வேற."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. சொற்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களை அவருக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் பிடித்திருந்ததே தவிர, காலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வரவில்லை.

மதமதப்பு காலோடு நின்றதாகவும் சொல்ல முடியாது. உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்யக் கபுறடியில் நின்றபோது, மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, மண்வெட்டியின் பிடி புதிதாக இருக்கிறதே என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற நாளில், அவர் இங்கிலீசு படிப்பித்த பாடசாலையில் பொன்னாடை போர்த்தி ஆள் மாறி ஆள் பேசினார்கள். ஒரு மாணவி தேம்பித் தேம்பி அழுதாள். அவர் அந்தப் பொன்னாடையைக் கழற்றி மடித்து மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அழ வேண்டும் என்று தோன்றவில்லை. அழ வேண்டுமே என்ற கவலையும் தோன்றவில்லை.

இங்கிலீசு அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. இளவயதில் சவூதிக்குப் போய் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் சாமான் அடுக்கும் வேலை பார்த்தார். அங்கே ஒரு எகிப்து நாட்டுக்காரர், மருந்தாளர், தேநீர் குடிக்கும் நேரமெல்லாம் அறபுச் சொற்களைப் பிரித்துக் காட்டுவார். எந்தச் சொல்லை எடுத்தாலும் அடியில் மூன்று எழுத்து இருக்கும், அந்த மூன்று எழுத்தைப் பிடித்தால் ஒரு குடும்பமே கையோடு வரும் என்பார். அறபுக்கு வேர் இருந்தால் இங்கிலீசுக்கும் இருக்கத்தானே வேண்டும் என்று றஸாக் நினைத்தார். மருந்துப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்த பெயர்களிலிருந்து தொடங்கினார். ஊருக்குத் திரும்பி வந்தபோது ஒரு பெட்டி நிறையத் துணியும், ஒரு அகராதியும், எந்தச் சொல்லையும் கிளறிப் பார்க்காமல் விடமாட்டாத ஒரு பழக்கமும் கொண்டுவந்தார். அந்தப் பழக்கத்தால் தொண்டராசிரியராகி, பிறகு நிரந்தர ஆசிரியராகி, கல்முனைக்குடியில் தெருவுக்குத் தெரு 'இங்கிலீஸ் சேர்' என்று பெயரெடுத்தார்.

ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார். நூலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடி. கந்தோரில் பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள், வெளிநாடு போகக் காத்திருக்கும் ஆண்கள், கடைக்காரர்கள். காரைதீவிலிருந்து விதுசா என்ற தாதி ஒருத்தியும் வருவாள். டொக்டர்மார் எழுதும் ஆங்கிலத்தை யாரிடமும் கேட்காமல் தானே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அந்த வருடம் றஸாக் சேரின் ஒரே மகள் றிபாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை முர்ஷித், சம்மாந்துறை, கட்டாரில் வேலை. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். கீழ்வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுத் தானும் ஸாலிஹாவும் மேலே போய்விடலாம் என்று றஸாக் சேர் மாடி கட்டிக்கொண்டிருந்தார். வளவு முழுக்க மணலும் கல்லும், கொங்கிறீட்டுக்கு அடித்துக் கழற்றிய பலகைகளும். பலகைகளில் ஆணிகள், கழன்று மணலில் விழுந்த ஆணிகள்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கையில் ஒரு சனிக்கிழமை, அவர் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேசனோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி வகுப்புக்குப் போனார்.

அன்று பாடத்தில் ஒரு கந்தோர்க் கடிதம். மழையால் வேலை தடைப்பட்டது என்று சொல்லும் ஒரு வசனம் அதில் வந்தது. 'ஸ்டொப்' என்று போடாமல் 'இம்பீட்' என்று போட்டிருந்தார்கள். இரும்புக்கடை இஹ்ஸான் கையை உயர்த்தினார்.

"சேர், ரெண்டும் தடுக்கிறதுதானே? என்ன வித்தியாசம்?"

"ஸ்டொப் எண்டா நிண்டிட்டு. இம்பீட் எண்டா நிக்கல்ல. போகுது, ஆனா போக ஏலாமப் போகுது."

"விளங்கல்ல சேர்."

றஸாக் சேர் அந்தச் சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதினார். நடுவிலிருந்த மூன்று எழுத்துக்குக் கீழே கோடு போட்டார்.

"இதுக்குள்ள ஒரு கால் இரிக்கி, தெரியுதா?" என்றார். "பெட். லத்தீன்ல பாதம். சைக்கிள்ள மிதிக்கிற பெடல், ரோட்டுல நடந்து போற பெடஸ்ட்ரியன், எல்லாம் இந்தக் காலாலதான் நடக்கிது. முன்னுக்கு இரிக்கிற இம் எண்டா உள்ளுக்கு. பாதத்தப் புடிச்சி உள்ளுக்குப் போடுறது. எதுக்குள்ள? விலங்குக்குள்ள, இல்லாட்டிக் கயித்துக்குள்ள. மாட்ட மேய உடக்குள்ள முன்னங்கால் ரெண்டையும் சேத்துக் கட்டுவாங்களே, பாத்திரிக்கீங்களா? மாடு நிக்குதா? நிக்கல்ல. தத்தித் தத்திப் போகும். தூரம் போகாது. அதான் இம்பீட்."

வகுப்பு இப்போது முழுதாக அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவர் பலகைக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடக்கத் தொடங்கினார். உற்சாகம் வந்தால் அப்படித்தான் நடப்பார்.

"றோமாபுரிப் படை சண்டைக்குப் போகக்குள்ள பின்னால மூட்டை முடிச்சு, கூடாரம், சட்டி பானை எல்லாம் இழுபட்டு வருமே, அதுக்கு அவங்க வெச்ச பேர் இம்பெடிமென்டா. காலக் கட்டுற சாமான்! படை ஓட நினைக்கும், மூட்டை ஓட உடாது. இங்கிலீசுக்குள்ள முதல் வந்தது இந்த இம்பெடிமென்டாட சொந்தக்காரன், இம்பெடிமென்ட்தான். இம்பீட் எண்ட வினைச்சொல் ரெண்டு நூறு வரிசத்துக்குப் பொறகுதான் வந்த. சரி, கட்டின கால அவுத்து வெளிய எடுத்தா?"

யாருக்கும் தெரியவில்லை.

"எக்ஸ்பெடைட். எக்ஸ் எண்டா வெளிய. நீங்கதானே கந்தோர்ல ஒவ்வொரு கடிதத்துலயும் எழுதுற, சுறுக்காச் செஞ்சி தாங்க எண்டு? ரெண்டும் ஒரே காலுதான். ஒண்டு கட்டினது, மத்தது அவுத்தது."

இஹ்ஸான் சிரித்துக்கொண்டு எழும்பினார்.

"சேர், அப்ப நம்மட ஆக்கள் கலியாணத்தக் கால்கட்டு எண்டு சொல்றதும் இதானே? பொடியனுக்கு ஒரு கால்கட்டப் போட்டாத்தான் சரி எண்டு?"

வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "சேரும் மருமகனுக்கு இம்பீட் பண்ணத்தான் மாடி கட்டுறாரு!" என்றார்கள். அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

முன்வரிசையில் விதுசா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர்," என்றாள். "உங்கட கால்ல ரத்தம்."

றஸாக் சேர் குனிந்து பார்த்தார். பலகைக்கு முன்னால் சீமெந்துத் தரையில் சிவப்புத் தடங்கள் போய்த் திரும்பி, போய்த் திரும்பிக் கிடந்தன. எல்லாம் ஒரே காலின் தடம். அவர் அவற்றை வேறு யாரோ நடந்துவிட்டுப் போனதைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

கதிரையில் இருத்திச் செருப்பைக் கழற்ற விதுசா முயன்றபோது செருப்பு வரவில்லை. ஒரு கொங்கிறீட் ஆணி அடியால் ஏறிச் செருப்பையும் பாதத்தையும் சேர்த்துத் தைத்திருந்தது. அவள் அதைப் பிடுங்கும்போது அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

"நோகல்லியா சேர்?"

"இல்ல மகள்."

"அதுதான் பயமா இருக்கு. இண்டைக்கே ஊசி போடுங்க. நாளைக்கு வார்ட்டுக்கு வாங்க, நான் நிப்பன். சீனிக்காரருக்கு இது சின்ன விசயமில்ல."

அவர் ஊசி போட்டுக்கொண்டார். தெரிந்த டிஸ்பென்சரி ஒன்றில் குளிசையும் வாங்கினார். வார்ட்டுக்கு மட்டும் போகவில்லை.

அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. முர்ஷித்துக்குக் கிடைத்தது ஒரு மாத லீவு. அது தப்பினால் அடுத்த வருடம்தான். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் வாப்பா ஆசுபத்திரிக் கட்டிலில் போய்ப் படுத்தால், இரண்டு வீட்டாரும் கூடிக் கதைத்துக் கலியாணத்தைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு ஆள் ஆளுக்கு ஒரு கதை வரும். பிள்ளையின் வாழ்க்கைக்குக் குறுக்கே தான் ஒரு மூட்டையாகக் கிடக்கக் கூடாது என்று நினைத்தார். கலியாணம் முடியட்டும், அடுத்த நாளே போகலாம். நோவு இருந்திருந்தால் இப்படி ஒரு கணக்குப் போட அவரால் முடிந்திராது. நோவு இல்லை. அதனால் மறைப்பதும் லேசாக இருந்தது.

வீட்டில் "ஆணி கீறிட்டு" என்று மட்டும் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு காலைக் கழுவினார். தொழுகைக்கு வுழூச் செய்யும்போது இடது காலில் துணிக்கட்டுக்கு மேலாக நனைத்த கையால் தடவிவிட்டார். காயத்துக்கு மார்க்கத்தில் அந்தச் சலுகை இருக்கிறது. முதல் கிழமை காயம் வாய் மூடியது போல் இருந்தது. இரண்டாவது கிழமை, சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் நிறம் மாறின. மூன்றாவது கிழமை அவற்றின் நிறத்துக்கு அவரிடம் எந்த மொழியிலும் சொல் இருக்கவில்லை.

விதுசா இரண்டு தடவை போன் எடுத்தாள்.

"குறைஞ்சிட்டு மகள்," என்றார் இரண்டு தடவையும். கலியாணம் முடியும் வரைக்கும் வகுப்பு இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஸாலிஹாவுக்கு முதலில் எட்டியது மணம்தான்.

"இஞ்சப் பாருங்க, எங்கயோ எலி செத்துக் கிடக்கு," என்றாள். "மேசன்மார்ட பலகைக்கு அடியிலதான். கலியாண வீட்டுக்கு ஆக்கள் வரக்குள்ள மானம் போயிடும்."

இரண்டு கூலியாட்களைப் பிடித்துப் பலகைகளையெல்லாம் புரட்டினார்கள். றஸாக் சேரும் கூட நின்று டோர்ச் அடித்துக் காட்டினார். அலுமாரிக்குப் பின்னால், நெல் மூட்டைகளுக்கு நடுவில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எல்லாம் தேடினார்கள். எலி அகப்படவில்லை. "காஞ்சி போயிரிக்கும்" என்றார் அவர். ஸாலிஹா அறை அறையாகச் சாம்பிராணி போட்டாள். அவர் அந்தப் புகைக்குள் இருந்து சோறு தின்றார். சோற்றின் ருசி தெரிந்தது, புகையின் மணம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

நிக்காஹ் பள்ளிவாசலில். செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அவர் கறுப்புச் சொக்ஸ் போட்டு, காற்சட்டையில் மேலும் கீழும் அத்தர் பூசியிருந்தார். இங்கிலீஸ் சேர் சொக்ஸ் போட்டால் யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

"வலி வந்திட்டாரா?" என்று மௌலவி கேட்டார்.

பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளருக்குத்தான் அந்தப் பெயர். றஸாக் சேர் ஒரு கணம் தாமதித்தார். காலில் வராத வலியும் கலியாணத்துக்கு வந்த வலியும் எழுத்தில் ஒன்றுதான் என்பது அவருக்கு அந்த இடத்தில் பட்டது. வேறு நாளாக இருந்திருந்தால் வகுப்பில் போய்ச் சொல்லியிருப்பார்.

"நான்தான்," என்று முன்னால் போய் இருந்தார். முர்ஷித்தின் கையைப் பிடித்து, மகளை நிக்காஹ் செய்து தந்தேன் என்றார். அந்தப் பொடியனுடைய கை வியர்த்து ஈரமாக இருந்தது. தன் கை உலர்ந்து கிடப்பதை அவர் கவனித்தார். வீட்டுக்கு வந்து, மணவறையில் இருந்த றிபாவின் தலையில் கையை வைத்துத் துஆக் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். இந்தக் கணத்துக்காகத்தானே எல்லாம் என்று மனதுக்குச் சொன்னார். மனது ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் போகலாம் என்றிருந்தது அடுத்த நாள் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு விருந்து இருந்தது. சம்மாந்துறையில் பந்தியில் இருந்தபோது அவருக்குக் குளிர் எடுத்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருக்க அவருடைய பற்கள் தந்தியடித்தன. எழும்பப் போனவர் அப்படியே பக்கத்திலிருந்தவரின் தோளில் சாய்ந்தார். தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் கிடத்தி, யாரோ காற்று வரட்டும் என்று சொக்ஸைக் கழற்றினார்கள்.

கழற்றியது முர்ஷித்தான். ஸாலிஹா பெண்கள் பக்கமிருந்து ஓடி வந்தபோது, புது மருமகன் கையில் சொக்ஸோடு வாயை மூடிக்கொண்டு சுவரோடு நின்றான். அவள் கணவனின் காலைப் பார்த்தாள். அந்த மணம் அவளுக்குத் தெரியும். அதைத் தேடித்தானே வீடு முழுக்கப் புரட்டினாள்.

"நீங்களும் கூடச் சேந்து தேடினயளே," என்று மட்டும் சொன்னாள்.

ஆசுபத்திரியில் டொக்டர்மார் நேரம் கடத்தவில்லை. முதலிலேயே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும், இனி முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்றார்கள். அவர் தலையாட்டினார். ஊசி முதுகில் போட்டபோது இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்தது. இது தனக்குப் பழக்கமான விசயம் என்று அவருக்குத் தோன்றியது.

வெட்டிய காலைக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். முஸ்லிம்கள் அதை அடக்கம் செய்வார்கள் என்று ஆசுபத்திரிக்குத் தெரியும். வேறு ஆண்பிள்ளை இல்லாத வீடு. முர்ஷித்தான் வாங்கினான். மருதாணி மாறாத கையால் வெள்ளைத் துணியில் சுற்றியதை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மையவாடிக்குப் போனான். பள்ளிவாசல் ஆள் ஒரு சின்னக் குழி வெட்டிக் கொடுக்க, றஸாக் சேருடைய உம்மாவின் கபுறடிக்குக் கிட்டப் புதைத்தார்கள். தொழுகை இல்லை, ஆட்கள் இல்லை. முர்ஷித் மண்ணைத் தள்ளிவிட்டு, என்ன ஓதுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தானாம். இதைப் பின்னால் கேள்விப்பட்டபோது றஸாக் சேர், "நல்ல இடம்," என்றார்.

வார்ட்டில் விதுசாவின் முறை வந்தது. துணிக்கட்டை மாற்றினாள். கைகள் சுத்தமாக வேலை செய்தன. அவள் ஏசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

"உங்களுக்குப் பொய் சொல்லிட்டன் மகள்," என்றார்.

"தெரியும் சேர். ரெண்டாம் தரம் எடுக்கக்குள்ளயே தெரியும்," என்றாள். "வீட்ட வந்து பாத்திருக்கலாம் நான். கலியாண வீடு எண்டு வரல்ல."

துணிக்கட்டின் நுனியை ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

லீவு முடிந்து முர்ஷித் கட்டாருக்குப் போனான். றஸாக் சேர் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏற முடியாது என்றபடியால் கணக்கு மாறிவிட்டது. றிபா மேலே போனாள். கீழ் அறையில் அவரும் ஸாலிஹாவும். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி இருந்து தேநீர் குடித்தார்கள். "வாப்பா எண்டா இவருதான்" என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனார்கள். வுழூ செய்கையில் அவருடைய கை பழக்கத்தில் இடது காலைத் தேடிக் கீழே போகும். வெறும் காற்றைத் தடவிவிட்டுத் திரும்பி வரும். அதுவும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

றிபா மட்டும் அவரோடு கதைப்பதை விட்டிருந்தாள். நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள், குளிசையை எண்ணி வைத்தாள், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை. ஸாலிஹா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.

ஒரு பகல் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தவர் திடுக்கிட்டு எழும்பினார். யாரோ இடது காலின் விரல்களைச் சேர்த்துப் பிடித்துத் திருகினார்கள். விட்டுவிட்டுத் திரும்பவும் திருகினார்கள். பாதத்தின் வளைவுக்குள் நெருப்பு ஓடியது. பத்து வருடத்துக்கு மேல் அந்தக் காலில் இப்படி ஒன்றை அவர் அறிந்திருக்கவில்லை. அவர் கத்தினார். தன் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்றும் அவர் அறிந்திருக்கவில்லை.

ஸாலிஹா கடைக்குப் போயிருந்தாள். றிபா மாடியிலிருந்து விழுந்தடித்து இறங்கி வந்தாள்.

"என்ன வாப்பா? எங்க?"

"கால்... விரல் எல்லாம்... ஆரோ முறுக்குறாப்போல."

"எந்தக் கால்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே படுக்கை விரிப்பு மட்டமாகக் கிடந்தது. றிபா அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். நடிப்பில்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

"நான் என்ன செய்ய?"

"தெரியா மகள்."

அவள் கட்டிலில் இருந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு விரிப்பில், அவர் காட்டிய இடத்தில் வைத்தாள். வைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"ஏன் சொல்லல்ல? ஆணி ஏறின அண்டைக்கே ஏன் சொல்லல்ல?"

"உன்ட கலியாணம்..."

"என்ட கலியாணம் ஓடிப் போயிருக்குமா? ஒரு வரிசம் கழிச்சி முடிச்சிருப்பம். வராம உட்டா, அப்படி ஒருத்தன் எனக்கு எதுக்கு? உங்கள ஆரும் பாரமெண்டு சொன்னாங்களா? நீங்களா நினைச்சி, நீங்களா முடிவெடுத்து." அவள் மூக்கைத் துடைத்தாள். "இப்ப வாற போற சனமெல்லாம் என்ன சொல்லுது தெரியுமா? மகள்ட கலியாணத்துக்குக் காலக் குடுத்த வாப்பாவாம். என்னப் பாத்துப் பாத்துச் சொல்லுறாங்க. நான் கேட்டனா வாப்பா, அந்தக் கால? முர்ஷித்தோட சிரிச்சிக் கதைக்கப் போனாலும் அது நடுவுல வந்து கிடக்கு. அவருதான் அதக் கொண்டுபோய்ப் புதைச்ச. கலியாண மருதாணியோட."

மகளின் பாதையில் கிடக்கக் கூடாது என்று நினைத்தது றஸாக் சேருக்கு ஞாபகம் வந்தது. அது எவ்வளவு சரியாக, எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தது அன்றைக்கு. அவளிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே படவில்லை. காலில் மட்டுமா உணர்ச்சி செத்திருந்தது என்று முதல்தடவையாகத் தன்னைத்தானே கேட்டார். இல்லாத விரல்களை அந்தக் கண்ணுக்குத் தெரியாத கை திரும்பவும் முறுக்கியது. கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. கையால் தடவிப் பார்த்தார். ஈரம்.

"நோகுதா வாப்பா?"

"ஓம் மகள். நல்லா நோகுது."

"ஆருக்கிட்டயாவது கேக்கிறன்," என்று சொல்லிவிட்டு அவள் விதுசாவுக்குப் போன் எடுத்தாள். இல்லாத கால் நோவது பலருக்கும் நடப்பதுதான், மூளைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை, அதற்கும் மருந்து இருக்கிறது, மீதிக் காலை மெல்லத் தேய்த்துவிடுங்கள் என்றாள் விதுசா. றிபா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டே தேய்த்துவிட்டாள். முதல்முதலாக அந்தத் துண்டுக் காலை அவள் தொட்டது அன்றுதான்.

மாதங்கள் போனபிறகு பொய்க்கால் வந்தது. சனிக்கிழமை வகுப்பு கீழ்வீட்டு முன்னறைக்கு இடம் மாறியது. இஹ்ஸான்தான் கடைக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டார். யாரும் பகிடி விடத் துணியாமல் முதல் நாள் பாடம் சப்பென்று போனது. அடுத்த கிழமை கொஞ்சம் சரியாகிவிட்டது. முர்ஷித் வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவான். மாமாவிடம் கால் எப்படி என்று கேட்கத் தெரியாமல் சாப்பிட்டீங்களா என்று கேட்பான்.

நோவு இன்னும் வருகிறது. முன்போல் அடிக்கடி இல்லை. மழைக்குணமாக இருந்தால் வரும், சில நேரம் ஒன்றுமே இல்லாமலும் வரும். கீழே கட்டில் கிரீச்சிட்டால் மேலேயிருந்து றிபாவின் குரல் இறங்கும்.

"வந்திட்டா வாப்பா?"

"வந்திட்டு," என்பார் றஸாக் சேர். படிகளில் அவள் இறங்கி வரும் சத்தம் கேட்கும்.